புகைப்படத்துக்கு ஒரு புள்ளி

தரம் மூன்று, பி பிரிவு. முப்பத்தாறு பேர்.
செவ்வாய்க்கிழமை வட்ஸ்அப் குழுவில் போட்டேன்:
வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டு
கொழும்புத் துறைமுகம் ஒன்று செய்க.
எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.
கடைகள் பூட்டி அன்று ஒன்பதாம் நாள்.
கடைசி வரியை ஏன் எழுதினேனோ.

பகலில் ஒன்றும் வராது.
போன் வீட்டுக்கு வந்தால்தான்
அந்த வீட்டுக்குப் பள்ளிக்கூடம் வரும்.
எட்டு மணிக்கு மேல்
ஜம்பட்டா வீதியிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும்
ஒவ்வொன்றாகக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

சட்டை மாட்டும் ஹேங்கரில் பாரந்தூக்கி.
பனடோல் அட்டையில் கொள்கலன்கள்,
வெள்ளிப் பக்கம் வெளியே.
ஹஸ்னாவின் கடல் அவள் உம்மாவின் நீலத் துப்பட்டா;
இஸ்திரிப் பெட்டி சுட்ட இடத்தில்
'தீவு' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.
ஒரு வெளிச்சவீடு உண்மையாகவே எரிந்தது,
படத்தின் ஓரத்தில் யாரோ ஓர் அப்பாவின் பெருவிரல்.
இரண்டு வேறு வீட்டுத் துறைமுகங்களில்
ஒரே பூனை.
செரோன் ஒற்றைச் செருப்பைப் படமெடுத்து
'கப்பல்' என்று மட்டும் எழுதியிருந்தான்.
பார்க்கப் பார்க்க அது கப்பல்தான்.

புள்ளித் திட்டம் நானே போட்டது:
பொருள் தேர்வு மூன்று, சுத்தம் இரண்டு,
புதுமை நான்கு, புகைப்படம் ஒன்று.

பதினொன்று பத்துக்கு, தெரியாத இலக்கத்திலிருந்து
ஒரு குரல்பதிவு.

"டீச்சர், நான் மிதுர்ஷன்.
இது மேல்மாடி நிஸ்தார் அங்கிள்ட போன்.
கெமரா உடைஞ்சிருக்கு.
நான் சொல்றேன், நீங்க பாருங்க.
முதல்ல நெசத் தண்ணிதான் ஊத்தினேன்,
அம்மா ஏசினாங்க.
அதனால இப்ப பாய்தான் கடல்.
கரண்டி ரெண்டும் கிரேன்.
பிஸ்கட் டின்தான் கப்பல்,
அது உள்ளுக்கு வராது டீச்சர், ஊரடங்கு.
கட்டிலுக்கு அடியில நங்கூரம் போட்டு நிக்குது.
எங்க அப்பாவும் போர்ட்லதான்.
இருவது நாளா அங்கயே தங்கி வேல,
வீட்டுக்கு விட மாட்டாங்களாம்.
அவருக்கு ஒரு புளியங்கொட்ட வெச்சேன்,
பெரிய கரண்டிக்குக் கீழ.
இப்ப... பொறுங்க டீச்சர்.
ஏய், தங்கச்சி!
டீச்சர், அப்பாவக் காணல்ல."

அத்தோடு பதிவு முடிந்தது.

மறுபடி போட்டுக் கேட்டேன்.
மூன்றாம் தடவை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
கரண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது வரை தெரிந்தது,
பாயின் ஓரம் பிய்ந்திருந்ததும்,
அவன் அதைச் சொல்லவே இல்லை.

என் ஜன்னலிலிருந்து
நிஜப் பாரந்தூக்கிகள் நான்கு தெரியும்,
தலையில் சிவப்பு விளக்கோடு.
கொட்டாஞ்சேனைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.
விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன்,
கீழே பார்த்ததில்லை.

மூன்று போட்டேன். இரண்டு போட்டேன். நான்கு போட்டேன்.
புகைப்படக் கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.
விதி விதிதான் என்று
பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான்.
நுளம்பு ஒன்று காதருகே வந்து
தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனது.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் படுத்தேன்.

காலையில் பாண்காரரின் ஓட்டோ
பாட்டைப் போட்டுக்கொண்டு திருப்பத்தில் வரும்போது
இன்னொரு பதிவு. நான்கே விநாடி.

"டீச்சர், அப்பா கெடச்சிட்டாரு!
தங்கச்சிதான் கப்பல்ல ஏத்தி விட்டிருக்கா."

வெறும் கட்டத்தில் ஒன்று போட்டேன்.
கூட்டினால் பத்து.
பிறகு யோசித்து, சுத்தத்தில் ஒன்றைக் குறைத்தேன்.
ஈரத் தரையில் அல்லவா
பாய் விரித்திருக்கிறான்.